ஒவ்வொன்றும் ஒரு நடை

பொக்லைன் மேட்டின் ஓரத்தில் ஒரு வாய் அள்ளிவிட்டது. இரண்டாம் வாய்க்கு அதன் கை இறங்குமுன் காவல்காரி அந்த வெட்டுக்குள் குதித்து, மண்ணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். வண்டியில் இருந்தது அவள் கூடப்பிறந்த தம்பி. கண்ணாடிக்குள்ளிருந்து ஈ ஓட்டுவதுபோல் கையை ஆட்டிப் பார்த்தான். அவள் அசையவில்லை.

தொல்லியல் துறை அவளை அங்கே காவலுக்குப் போட்டு ஒன்பது வருஷம். எழுத்து என்பதே இல்லாத காலத்தில் செத்தவர்களின் ஏழு புதைமேடுகள், ஒரு கம்பிவேலி, துருப்பிடித்த பலகை, ஒரு விசில். சாலை போடும் கம்பெனியின் சூப்பர்வைசர் காட்டிய தாளில் ‘மண்குவியல் ஏழு, அகற்றவும்’ என்றிருந்தது. ஏதோ ஒரு மேசையில் யாரோ புதைமேட்டை மண்குவியலாக்கியிருந்தார்கள். குவியலென்றால் அள்ளலாம். ஆபீசுக்குப் போன் போட்டாள். ஐயா மீட்டிங்கில் இருக்கிறார், மனுவாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதி முடிப்பதற்குள் மேடு லாரியில் போய்விடும்.

சூப்பர்வைசர் அவளிடம் தன்மையாகத்தான் பேசினார். எந்தக் காலத்திலோ லாரி கொட்டிவிட்டுப் போன மண்ணுக்கா இந்த அழிச்சாட்டியம் என்று கேட்டார். தம்பியிடம் அவர் அந்தத் தன்மையைக் காட்டவில்லை. ஓட்ட முடியாவிட்டால் சாவியைக் கொடு, வெளியே வேறு ஆள் நிற்கிறான் என்றார். பதினாறு வருஷம் தலையில் மண் சுமந்தபிறகு தம்பிக்குக் கிடைத்த டிரைவர் சீட்டு அது. அவன் இறங்கி வந்தான்.

“எந்திரிக்கா. உள்ள கெடக்கிறவன் உனக்கு மாமனா, மச்சானா?”

அவள் எழாமல் கொஞ்சம் நகர்ந்து, முதுகுக்குப் பின்னால் இருந்ததைக் காட்டினாள். வெட்டுப்பட்ட சுவரில் கறுப்பும் செம்மண்ணும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. ஒன்றின்மேல் ஒன்று சரிந்து, ஒவ்வொன்றும் கூடை அகலம்.

“லாரி கொட்டுன மண்ணு இப்படியாடா இருக்கும்? பொம்பளையோ ஆம்பளையோ, தலையில சுமந்து வந்து கொட்டியிருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு நடை. இதைக் குவியல்னு எழுதினவன் ஒரு நடை நடந்து பாக்கட்டும்.”

சும்மாடு தேய்த்து முடி கொட்டிப்போன உச்சிக்கு தம்பியின் கை தானாகப் போய்த் திரும்பியது. அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“சாவி,” என்றார் சூப்பர்வைசர்.

மேலே அவர் உள்ளங்கை விரிந்தபடி நின்றது. கீழே தம்பி, சாவியை இடக்கைக்குள் இறுக்கிக்கொண்டு, வலக்கை விரலைத் திட்டுத் திட்டாக நகர்த்தி, சத்தமாகவே எண்ணிக்கொண்டிருந்தான்.