ராஜா கேட்டே ஆகவேண்டிய கேள்வி

வாய் ஓயாததால்தான் அவளுக்கு மைனா என்று பெயர். அந்த மைனா மூன்று நாளாக வாயே திறக்கவில்லை. நாடகக் குழுவில் தச்சு வேலை பார்த்த அவள் அண்ணனை முதலாளி துரத்திவிட்டார்.

மேடை நடுவில் தரைக்கதவு ஒன்று உண்டு. ஒத்திகையில் அதன் தாழ்ப்பாள் திறந்து கிடக்க, ராணி வேஷக்காரப் பெண் உள்ளே விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். "தச்சன் தாழ்ப்பாள் போடல" என்றார் முதலாளி. அடப்பாவி, திறந்ததே அவர்தான்! கைத்தடியால் கதவை மூன்று தட்டு தட்டிவிட்டு, தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றும் இழுத்தார். போன் வந்தது. அப்படியே போய்விட்டார். கண்ணால் பார்த்த மைனா சொன்னதற்கு, "அண்ணனுக்குத் தங்கச்சி சாட்சியா? நல்லா இருக்கே!" என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். இன்று நாடகம். முதலாளிதான் ராஜா. கதைப்படி ராஜாவின் முன்னால் நாடகக்காரர்கள் ஒரு ஊமை நாடகம் போடுவார்கள். அதில் மந்திரி திருடிவிட்டுக் காவல்காரனை மாட்டிவிடுவான். முடிந்ததும் ராஜா, "குற்றவாளி யார்? காட்டு!" என்று கேட்கவேண்டும். ஊமை நாடகத்தில் நடிக்கும் மைனா மந்திரியைக் காட்டவேண்டும். "நிரபராதியை விடுதலை செய்யுங்கள்" என்பார் ராஜா. திரை விழும்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் கால்கட்டோடு அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும். கடைசி வரிசையில் அண்ணன்.

ஊமை நாடகம் தொடங்கியதும் மைனா மந்திரியின் கோலைப் பிடுங்கினாள். தரைக்கதவில் மூன்று தட்டு. குனிந்து தாழ்ப்பாளை இழுத்தாள். போனில் பேசுவதுபோல் காதில் கைவைத்துக்கொண்டு, முதலாளியின் நடையிலேயே நடந்து போனாள். விஷயம் தெரியாத ஜனம் கைதட்டியது.

ராஜாவிடமிருந்து கேள்வி வரவில்லை. வசனம் எடுத்துக்கொடுக்கும் பெரியவர், முதலாளி இருமினாலே எழுந்து நிற்கிறவர், திரைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாக. மூன்றாம் முறை அவர் போட்ட குரல் கடைசி வரிசைக்கே கேட்டது. திரை இழுப்பவனைப் பார்த்தார் ராஜா. அவன் கயிற்றை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"குற்றவாளி... யார்? காட்டு."

மைனா சிம்மாசனத்தை நோக்கி விரலை நீட்டினாள்.

"அப்பா! நான் விழறதுக்கு முன்னாடி அதே மூணு தட்டு கேட்டுச்சுப்பா!" முன்வரிசைப் பெண் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தேவிட்டாள். "இவர்தான்!"

"நிரபராதியை விடுதலை செய்யுங்கள்" என்று பெரியவர் எடுத்துக்கொடுத்தார். ராஜா முணுமுணுத்தார்.

"கேக்கல ராஜா, சத்தமா!" என்றாள் மைனா. மூன்று நாளைக்கும் சேர்த்து வாய் திறந்தது.

"நிரபராதியை விடுதலை செய்யுங்கள்!"

"அண்ணா, கேட்டியா? காலையில உளியை எடுத்துக்கிட்டு வேலைக்கு வந்துடு." பிறகு அவள் முதலாளியிடம் திரும்பினாள். "அதுவரைக்கும் இந்தத் தாழ்ப்பாளை நீங்களே போட்டுடுங்க."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ராஜா கிரீடத்தோடு குனிந்து தாழ்ப்பாளைப் போட்டார்.