நகராத புளியமரம்

இன்னாசிராஜ் கப்பல் படையில் பன்னிரண்டு வருஷம் கருவி மெக்கானிக்காக இருந்தவர். ஊர் திரும்பியதும், மேட்டூர் அணைத் தண்ணீர் பென்னாகரம் பக்கம் ஒடுங்கி ஆறாகத் தெரியும் இடத்தில், தன் கையாலேயே ஒரு பாய்மரப் படகு கட்டினார். அடியில் தகடுகள் பதித்த சின்னச் சக்கரம். படகு போனால் தண்ணீர் அதைச் சுற்றும். ஸ்கூட்டர் கேபிள் வழியாக மேலே ஒரு முள் வேகத்தை மைல் கணக்கில் காட்டும். எதிர்காற்றில் பாயை எவ்வளவு இழுத்தால் வேகம் கூடும் என்று பார்ப்பதில் அவருக்குத் தீராத பித்து. மனைவி ராஜமேரிதான் பாய்க்கயிற்றைப் பிடிப்பாள், முள்ளையும் படிப்பாள்.

1972 ஆடிப் பதினெட்டு. மேற்கிலிருந்து காற்று அறைந்தது. காற்றுக்கு நேராகப் படகு ஏறாது; ஆற்றோட்டத்துக்கு எதிராக வடமேற்கே சாய்த்து ஓட்டினார்கள்.

"நாலரைங்க," என்றாள் ராஜமேரி.

அவர் முகம் மலர்ந்தது. கயிற்றை இன்னும் ஒரு விரல் இழுக்கச் சொன்னார். முள் இறங்கியது. தளர்த்தச் சொன்னார், ஏறியது.

"என்னாங்க, அந்தப் புளியமரத்தப் பாருங்க."

வலக்கரைப் புளியமரத்தை எப்போதோ பின்னால் விட்டிருக்க வேண்டும். அது நேர் பக்கத்திலேயே நின்றது.

"கருவி பொய் சொல்லுது," என்றார். சக்கரத்தை மேலே தூக்கித் துடைத்தார், கேபிளைக் கழற்றி மாட்டினார். மறுபடி ஓட்டினார். நாலரை. மரம் அங்கேயே.

ராஜமேரி தண்ணீரில் கைவிட்டாள். "சில்லுனு இருக்குதுங்க. மண்ணு வாசமா அடிக்குது."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கருவி சரி; தண்ணீருக்குள் ஓடும் வேகத்தைத்தான் அது காட்டும், கரையைக் கடக்கும் வேகத்தை அல்ல. படகு ஓடிய வேகத்துக்குத் தண்ணீரே எதிரே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே எங்கேயோ வெள்ளம் புறப்பட்டுவிட்டது.

தெற்கே, ஆற்று நடுவில் ஒரு திட்டு. கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கப் பதினோரு பேரைப் பரிசல்காரர் சென்றாயன் அங்கே இறக்கியிருந்தார். அடுப்புப் புகை தெரிந்தது.

படகை அங்கே திருப்பினார்கள். "வெள்ளம் வருது, ஏறுங்க!" என்று கத்தினார் இன்னாசிராஜ்.

சென்றாயன் சிரித்தார். "பொறந்ததுலருந்து இந்தத் தண்ணிலதான் கெடக்கறன். உன்ற கடியாரத்தப் பாத்து ஓடணுமா? பொங்கல் பொங்கட்டும், வர்றோம்."

கைக்குழந்தையோடு இருந்த கோவிந்தம்மாள் மட்டும் எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் ஏறினார்கள். காற்று பின்னாலிருந்து தள்ள, படகு சட்டென்று கிழக்குக் கரையைத் தொட்டது.

திரும்பியபோது தண்ணீர் செங்காவியாகி இருந்தது. முள் ஐந்தைத் தொட்டது. திட்டு கிட்டே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் திட்டே இல்லை. பரிசல் சுழன்று சுழன்று அவர்களை நோக்கி வந்தது. அதற்குள் சென்றாயனும் மிச்சமிருந்த ஐந்து பேரும்.

ராஜமேரி கயிற்றை வீசினாள். சென்றாயன் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவராகப் படகுக்குத் தள்ளிவிட்டார். ஐந்தாவது ஆள் ஏறியபோது, அலையடித்து ஏற்கெனவே பாதி நிறைந்திருந்த படகின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டது. பரிசலில் முழங்கால் வரை தண்ணீர்.

"நீயும் வாப்பா!" என்று கத்தினார் இன்னாசிராஜ்.

சென்றாயன் விளிம்பைப் பார்த்தார். "நான் ஏறுனா எல்லாரும் முழுவிப் போவீங்க," என்றார். கயிற்றை விட்டார்.

மூன்றாம் நாள், அணைப் பக்கம் அவர் உடல் ஒதுங்கியது.

எட்டாம் நாள் அவர் மனைவி பாஞ்சாலி இன்னாசிராஜின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"உங்க கருவி முன்னயே காட்டிருச்சாமே. எவ்ளோ நேரம் முன்னங்க?"

ராஜமேரி கணவனைப் பார்த்தாள். பொய் சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது.

"கால் மணி நேரம் இருக்கும்மா," என்றார் இன்னாசிராஜ். "நான்தான் நம்பல. துடைச்சுக்கிட்டு இருந்தன்."

பாஞ்சாலி அழவில்லை, ஏசவுமில்லை. அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள். அந்தப் பார்வைக்கு ஏச்சே தேவலாம் என்று இருந்தது அவருக்கு.