மைக் முன்னால் டியூட்டி மாற்றம்

சிஸ்டர் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளுக்கு அவளைவிட மும்முரமாகத் தயாரானவர் அவள் கணவர்தான். புலம்பெயர்ந்தோர் சங்கத்தின் தலைவர் அவர்; வீட்டிலும் அந்தப் பதவியிலிருந்து இறங்கியதில்லை. மேடை கிடைத்தால், "இந்த நாடு எங்கள் இரண்டாம் தாய்" என்று தழுதழுப்பார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதே, "மனுஷன் இருப்பானா இந்த ஊர்ல" என்று அதே தாயைத் திட்டித் தீர்ப்பார்.

மனைவியின் ஏற்புரையையும் அவரே எழுதிவிட்டார். வரிக்கு வரி தாய் வந்தாள். கடைசி வரியில்தான் இடி: அடுத்த மாதம் இருவரும் சொந்த நாட்டுக்கே திரும்புகிறார்கள்.

"இதை நாம பேசவே இல்லையேங்க."

"அதான் பேசப் போறியே, மேடையில."

"மக இங்க இருக்கா..."

"அங்க வீடு கட்டி வச்சிருக்கேன். நாலு பேர் முன்னால சொல்லிட்டா நீ பின்வாங்க முடியாது பாரு."

சிஸ்டருக்குப் போக மனசில்லை. ஊசிக்கு முரண்டு பிடித்த எத்தனையோ பேரை மடக்கியவள், இந்த ஒருவரிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கூடத்தில் விழா. நிர்வாகி அவளை 'நிறுவனத்தின் முதுகெலும்பு' என்றார். முதுகெலும்பின் பெயரைத்தான் தப்பாகச் சொன்னார். முதல் வரிசையில் தலைவர் கைக்குட்டையை மடித்துத் தயாராக வைத்திருந்தார்.

சிஸ்டர் மைக் முன் நின்றாள். காகிதத்தில் கண் ஓடவில்லை. எதிரே சுவரோரமாக, மதிய ஷிப்டுக்கு வந்த நர்ஸ்கள் நின்றிருந்தார்கள். டியூட்டி மாறும்போது தினமும் அப்படித்தான் நிற்பார்கள். படுக்கை படுக்கையாக நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் இவள் கிளம்புவாள். கூட்டத்தின் முன் அவளுக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான். வாய் தானாகத் தொடங்கிவிட்டது.

"ஒண்ணாம் படுக்கை, என் பழைய மேட்ரன். வந்த புதுசுல நான் தப்பு பண்ணினா, துணி அடுக்கற ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், கதவைச் சாத்திட்டுத்தான் திட்டுவாங்க. நோயாளிங்க முன்னாடி என்னை விட்டுக்கொடுத்ததே இல்ல. இப்ப முட்டி வலி. போய்ப் பாத்துக்கோங்க.

ரெண்டு, இந்த நாடு. முதல்ல வேணாம்னு திருப்பி அனுப்பிட்டு அப்புறம் சேத்துக்கிச்சு. அப்பப்ப முகத்தைத் தூக்கி வச்சுக்கும். பேரு சரியா சொல்ல வராது. ஆனா இன்னும் படிக்கணும்னு நான் கேட்டப்ப, கல்யாணமானவளுக்கு எதுக்குன்னு கேக்கல. அதை நான் மறக்கல. நிலைமை சீரா இருக்கு."

கூடம் சிரித்தது. நிர்வாகி மட்டும் தண்ணீர் குடித்தார்.

"மூணு, என் வீட்டுக்காரர். பிரஷர் உண்டு. ஊருக்குப் போறேன், ஊருக்குப் போறேன்னு சொல்லுவார். ஒரு மாசம் போய் இருந்துட்டு வரட்டும், தடுக்காதீங்க. நான் இங்கதான் இருக்கப்போறேன். அதனால அவருக்கு டிஸ்சார்ஜ் கிடையாது."

கைதட்டல் அடங்க நேரமானது. ஆளாளுக்குத் தலைவரின் கையைக் குலுக்கினார்கள். தலைவர் சமாளித்துக்கொண்டார்: "நான்தான் சொன்னேன். நன்றின்னா வாயால சொன்னா போதாது, கூட இருந்து காட்டணும்னு."

கார் பாதி வழி வந்த பிறகுதான் அவருக்குச் சொந்தக் குரல் திரும்பியது.

"அதென்ன, நாட்டுக்கும் அப்புறம் என்னை மூணாவதா போட்ட?"

"ரொம்பக் கவனிக்க வேண்டிய ஆளைக் கடைசியாத்தாங்க சொல்லுவோம். அப்பதான் மனசுல நிக்கும்."

தலைவருக்கு அந்த முக்கியத்துவம் பிடித்திருந்தது. இரண்டு சிக்னல் தாண்டும்வரை அதை ரசித்தபடி வந்தார். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்:

"அந்த ஒரு மாசம்... நீயும் கூட வருவதானே?"

"வரேன். இனிமே யார்கிட்ட லீவு கேக்கணும்?"