மெட்டுக்கு வைத்த சொல்

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டோடு மகள் ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். யாரோ தண்ணீர் சிந்தியிருந்தார்களாம். அந்த வீட்டில் இருப்பதே அவளும் மாப்பிள்ளையும்தான்.

பக்கத்து அறையில் அவன் கிடாரை மடியில் போட்டுக்கொண்டு பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். ஊர் பேண்டுக்குப் பாட்டெழுதுகிறவன் அவன்தான். பொண்டாட்டி கை ஒடிந்து கிடக்கிறபோது பாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு எரிந்தது. காதைக் கொடுத்தேன்.

"படியில ஈரம், பாத்து வாடி, கைய விட்டா கீழதான்டி..."

"உன்ன வச்சே பாட்டா? துரைக்கு வெக்கமா இல்ல?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஐயோ அப்பா, அது பாட்டே இல்ல. மொதல்ல மெட்டுதான் வரும். அது மறந்துடாம இருக்க வாயில வந்தத போட்டு வைப்பாரு. போன தடவ 'தக்காளி அழுகிப் போச்சு'ன்னு வச்சிருந்தாரு. கடைசில அது காதல் பாட்டாச்சு." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் வருவது வயிற்றில் இருப்பதுதானே.

அவனை ஒத்திகைக்கு அழைத்துப்போக டிரம்ஸ்காரன் வந்தான். வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினான்.

"அண்ணே, இன்னும் அந்தப் படியிலயே உக்காந்திருக்கீங்களா? இந்த வரியப் பாடிக் காமிச்சு மாசம் ஒண்ணாச்சு. வேற வார்த்தையே சிக்கலையா?"

கிடார் நின்றது.

நான் மகளைப் பார்த்தேன். மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"மெட்டு பழசுப்பா."

"நான் மெட்டக் கேக்கல."

அடுத்த துணியை எடுத்தாள்.

"கெளம்பு. ரெண்டு துணிய எடுத்துக்கிட்டு எங்கூட வா."

"மெதுவாப் பேசுங்கப்பா."

திரும்பினால் அவன் நிலைப்படியில் நிற்கிறான். கிடார் கழுத்தில் தொங்குகிறது. எத்தனை நேரமாக நிற்கிறானோ. டிரம்ஸ்காரனிடம், "நீ போ, நான் பின்னாடியே வரேன்" என்று அனுப்பிவைத்தான். வண்டிச் சத்தம் தேயும்வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க மாமா, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க? உக்காருங்க. இப்பதான் புதுசா ஒரு மெட்டு வந்துச்சு. நீங்கதான் மொதல்ல கேக்கணும்."

வாசலை மறித்தாற்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு முனக ஆரம்பித்தான். நல்ல மெட்டுதான், பொய் சொல்லக்கூடாது. மகளின் கை என் சட்டை ஓரத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தது. இன்னும் வார்த்தை வரவில்லை. அவன் உதடுகள் மட்டும் எதையோ தேடி அசைந்துகொண்டிருந்தன.