மலக்கியின் மெட்டு, இரண்டாம் பாதி

ஜார்லத் பிடில் வில்லை மடியில் இறக்கிவிட்டு ஜன்னலைப் பார்த்தான். கெட்ட சேதி சொல்லப் போகிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"அட்ராக்டா, முதல் பாதி மலக்கியோடதுதான். நான் வேற எங்கயும் கேட்டதில்ல. ரெண்டாவது பாதி நாம கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிக்கிறது."

"வாய மூடு. இன்னொரு தரம் பாடுறேன், கேளு."

எனக்குப் பிடில் வராது; வாயால் டிடில்-டீ என்று பாடத்தான் வரும். அதைக் கேட்டு ஜார்லத் பிடிலில் எடுக்கிறான். என் கணவர் மலக்கி இந்த ரீலை, எங்கள் ஐரிஷ் ஆட்ட மெட்டை, மாட்டுக்கொட்டகையில் கட்டி, மூன்றே நாள் வாசித்தார். பால் கறந்தபடி நான் மட்டும் கேட்டேன். நாலாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். காகிதத்தில் ஒரு கோடு இல்லை. எங்கள் பக்கம் மெட்டை எழுதுவதில்லை, காதில்தான் வைத்துக்கொள்வோம். அந்தத் திமிருக்கு எனக்குக் கிடைத்த கூலி இது.

இரண்டாம் பாதியை எங்கே தொலைத்தேன் என்று மனசுக்குத் தெரியும், வாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அடக்கம் முடிந்து வந்த கூட்டம் என் சமையலறையில் ரீல் மேல் ரீலாக வாசித்துத் தள்ளியது. மரியாதைக்குத்தான். நானும் சாண்ட்விச் தட்டோடு நின்று காலால் தாளம் போட்டேன், பாவி. ரீல்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பங்காளிகள். ஒன்றின் வாசலில் நுழைந்து இன்னொன்றின் கொல்லை வழியே வெளியே வந்துவிடலாம். மறுநாளிலிருந்து ரேடியோ போடவில்லை. பூசைக்குக்கூட ஆர்கன் ஓய்ந்த பிறகுதான் நுழைகிறேன். பைத்தியம் என்கிறாள் நாத்தனார். சொல்லட்டும்.

பதினோரு தரம் பாடினேன். பதினோரு தரமும் இரண்டாம் பாதிக்குத் திரும்பும் இடத்தில் வழுக்கினேன்.

"போதும்மா, தொண்டை கட்டிடும்."

"நீதான் தப்பாக் கேக்குற. ஞாயித்துக்கிழமை பப்புல எல்லார் முன்னாடியும் வாசி. அவரு மெட்டுன்னு சொல்லு. ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது, வேணா பாரு."

ஞாயிறு மதியம் பப் நிறைந்திருந்தது. "இது மலக்கி கட்டினது" என்று சொல்லிவிட்டு ஜார்லத் ஆரம்பித்தான். தெரியாத மெட்டில் குறுக்கே வாசிப்பது எங்களிடம் பெரிய அவமரியாதை. குழலும் அக்கார்டியனும் மடியில் கிடக்க, எல்லோரும் தலை குனிந்து கேட்டார்கள். முதல் பாதி, இரண்டு சுற்று, அவன் பிடில் மட்டும். கடவுளே, அது அவர்தான், அவரேதான்.

வில் இரண்டாம் பாதிக்குத் திரும்பியது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். குழல்காரர் முகம் மலர்ந்து குழலை உதட்டுக்கு எடுத்தார். அக்கார்டியன் விரிந்தது. ஒருவர் பின் ஒருவராக, ஆள் பாக்கியில்லாமல் எல்லோரும் சந்தோஷமாகச் சேர்ந்துகொண்டார்கள்.