மஞ்சள் நோட்டீஸ் எந்தப் பக்கம் பார்த்தது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்தால் சந்தேகப்படுவீர்கள். நானாயிருந்தால் நிச்சயம் சந்தேகப்படுவேன். ரோட்டைக் கடக்கும்போது என் அக்காவை ஒரு ரொட்டி வேன் இடித்துவிட்டது. கால் முறிந்து கட்டிலில் கிடக்கிறாள். வேன்காரனைப் பழிவாங்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இலக்கியமாவது மண்ணாவது.

விதி மாறியது உங்களுக்குத் தெரியுமா? முன்பெல்லாம் ரோட்டைக் கடக்கப் போட்ட வெள்ளைக்கோட்டில் ஆள் கால் வைத்த பிறகு வண்டி நின்றால் போதும். இப்போது கடப்பதற்காக ஓரத்தில் ஆள் காத்திருந்தாலே நிற்க வேண்டும். (தெரியும் என்று தலையாட்டுகிறீர்கள். நான் நம்பவில்லை.) அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவள் புருஷன், என் மாமா, போஸ்டர் ஒட்டுகிறவர். புது விதியைச் சொல்லும் மஞ்சள் நோட்டீஸை ஒட்டும் வேலை அவருக்குத்தான் கிடைத்தது. அவர் ஒட்டியதைப் படித்து, வண்டி நிற்கும் என்று நம்பித்தான் இறங்கினாள்.

2

முதல் தொடக்கம்: 'அந்த டிரைவரின் கண்களில் ஈவிரக்கம் என்பது'

வேண்டாம். அவன் கண்களை நான் பார்த்ததே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: ரொட்டிக் கம்பெனி வாசலில் அவனைப் பிடித்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னான்.

"நோட்டீஸ் எதையும் நான் பார்க்கல சார்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஊரெல்லாம் மஞ்சளா ஒட்டியிருக்கு. உன் கண்ணுல மட்டும் படலையா?"

"வண்டியில ஏறுங்க சார். என் சீட்டுல உக்காந்து நீங்களே பாருங்க. நாளன்னைக்கு விசாரணை. லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு வேற பொழப்பு தெரியாது."

(இங்கே அவனுக்கு ஒரு நோயாளிக் குழந்தையைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். உங்களை அழவைக்கும் குறுக்குவழி அது. அவனுக்குக் குழந்தை உண்டா என்றே நான் கேட்கவில்லை.)

3

ஏறினேன். அக்கா விழுந்த இடத்தில் வேனை ஓரங்கட்டி, இறங்கி எனக்கு இடம்விட்டான். எதிரே கம்பத்தில் தகரப் பலகை. அதில் துருவைத் தவிர ஒன்றுமில்லை. சற்றுத் தள்ளித் தெரிந்த அடுத்த வெள்ளைக்கோட்டிலும் அப்படியே. இறங்கிச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். மஞ்சள் நோட்டீஸ் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், நடைபாதையைப் பார்த்து ஒட்டியிருந்தது.

நடப்பவர்களுக்கு மட்டும் விதி மாறியிருந்தது. (இனி டிரைவரை 'அவர்' என்றே எழுதுகிறேன்.)

4

மாமா வாசலில் பசை வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒட்டச் சொன்னாங்களா மாமா?"

"சொன்னாங்க. வண்டியில போறவன் எங்க மாப்ள படிக்கப் போறான்? நடக்கிறவன்தான் நின்னு படிப்பான். கடை விளம்பரம், சினிமா எல்லாமே நான் இப்படித்தான் ஒட்டுவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை.

மறுநாள் காலை பார்த்தால், டிரைவர் பார்க்கும் பக்கத்திலும் மஞ்சள் நோட்டீஸ். பசை ஈரம் காயவில்லை.

"இனி யாரும் அடிபடக் கூடாதுன்னு ஒட்டினேன்" என்றார் மாமா. இருக்கலாம். நாளை விசாரணை அதிகாரி இடத்தைப் பார்க்க வருகிறார் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டில் எது என்று என்னைக் கேட்காதீர்கள். எழுதியவனுக்கு எல்லாம் தெரியும் என்பது சும்மா கட்டிவிட்ட கதை.

5

முடிவு அ: முந்தாநாள் வரை அந்தப் பக்கம் வெறும் தகரம் என்று அதிகாரியிடம் சொல்கிறேன். அடிபட்டவளின் தம்பியே சொன்னால் நம்புவார்கள். டிரைவர் பிழைப்பார். மாமா மாட்டுவார்.

முடிவு ஆ: வாயை மூடிக்கொள்கிறேன். டிரைவரின் லைசென்ஸ்

இரண்டையும் அடித்துவிட்டேன். ஏனென்றால் அதிகாரி வந்து கேட்பதற்கு முன்பே அக்கா கேட்டுவிட்டாள். மாமா அவள் காலுக்கடியில் தலையணை வைத்துக்கொண்டிருந்தார்.

"நீதான் போய்ப் பார்த்தியே தம்பி. வேணும்னேதான் நிக்காம வந்தானா? இவர் ஒட்டினதை ஊரே படிச்சிருக்கு. அவன் மட்டும் படிக்கலையாம்."

மாமாவின் கை அப்படியே நின்றது. நான், "அக்கா, அந்தப் பலகையில" என்று தொடங்கினேன்.

மீதியை நீங்கள் சொல்லுங்கள். யாரைக் காப்பாற்றினாலும் எனக்குச் சம்மதம். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் புருஷன் முகத்தைத் திரும்பிப் பார்க்கப்போகிறாள்.