மங்கலாக எரிந்த இரண்டு விளக்குகள்

மரக்கடைக்காரர் பட்டறைக்குள் நுழைந்ததும் முதல் அடி மச்சானுக்குத்தான் விழுந்தது. கேள்வியும் இல்லை, பேச்சும் இல்லை. வீல் ஸ்பேனரைச் சுழற்றித் தோளில் ஒரே போடு. மச்சான் ஆயில் டப்பாக்களை உருட்டிக்கொண்டு தரையில் விழுந்தான். அவன் கழுத்தில் செருப்புக் காலை வைத்து அழுத்திய பிறகுதான் மனுஷன் வாயைத் திறந்தார்.

"வண்டி சரியாயிடுச்சுன்னு சாவிய நீட்டினது இவன்தானே? என் பொண்டாட்டி இடுப்பெலும்பு ஒடஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கா. எறக்கத்துல எஞ்சின் நின்னுபோச்சு. பிரேக் கல்லு மாதிரி இறுகிப்போச்சு. பாலத்துச் செவுத்துல மோதித்தான் நின்னுது!"

வாசலில், இழுத்து வந்த கயிறு இன்னும் முன்னால் தொங்க, அந்தப் பழைய பெட்ரோல் ஜீப் மூஞ்சி நசுங்கி நின்றது.

பட்டறை இரண்டு பேருடையது. எஞ்சின் வேலை மச்சானுக்கு. அவன் கூட்டாளி டெஸ்டரின் மனைவிக்குத் தம்பி. கரண்ட் வேலை டெஸ்டருக்கு. எப்போதும் காதில் கரண்ட் பார்க்கும் டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிவதால் வந்த பெயர் அது. கெட்டிக்காரர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மூக்குக்கு மேல் கோபம். தன் வேலையில் குறை என்று எவனாவது வந்து நின்றால் அவருக்குப் பொறுக்காது.

இந்த ஜீப் போன மாதம் மூன்று தடவை வந்துவிட்டது. டேஷ்போர்டில் பேட்டரி விளக்கும் பிரேக் எச்சரிக்கை விளக்கும் எரிந்தும் எரியாமல் மினுக்கிக்கொண்டே இருந்தன. சாவி திருப்பினால் பளிச்சென்று எரிய வேண்டும், எஞ்சின் ஓடினால் சுத்தமாக அணைய வேண்டும். அதுதான் முறை. ஓடும்போது மங்கலாக எரிந்தால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ உள்ளுக்குள் பழுது என்று அர்த்தம். டெஸ்டருக்கு இது தலைகீழ்ப் பாடம். ஆனால் டைனமோவை இறக்கிப் பிரிக்க அரை நாள் ஆகும். மூன்றாம் தடவை மரக்கடைக்காரர், "ஒரு லைட்டை அணைக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு எலக்ட்ரீஷியனா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். டெஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு டேஷ்போர்டுக்குள் கையை விட்டு இரண்டு பல்பையும் பிடுங்கி எறிந்தார். அணைக்கத்தானே சொன்னாய், அணைத்தாயிற்று.

அந்த மாடலில் பேட்டரி விளக்கின் பல்பு வழியாகத்தான் டைனமோவை எழுப்பிவிடும் கரண்டே போகிறது. பல்பு இல்லையென்றால் கொஞ்சநஞ்ச சார்ஜும் ஏறாது. பேட்டரி வற்றும், ஒரு நாள் எஞ்சின் நிற்கும், அது நின்றால் பிரேக்கும் இறுகிவிடும். அதுவும் அவருக்குத் தெரியும். கோபத்தில் தெரிந்தே செய்தார்.

"என் கண்ணு முன்னாடி கோளாறைக் கண்டுபிடி. எவன் கை வெச்ச எடத்துல தப்போ அந்தக் கைய ஒடைப்பேன்" என்றார் மரக்கடைக்காரர்.

"அண்ணே, அவனை விடுங்கண்ணே. மூச்சு முட்டுது பாருங்க."

"நீ வேலையப் பாருடா!"

டெஸ்டர் டேஷ்போர்டுக்கடியில் மல்லாந்து படுத்தார். சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து பல்பு கிடக்கும். இரண்டை எடுத்துக் காலிக் குழிகளில் சத்தமில்லாமல் மாட்டினார். அதை யாரும் பார்க்கவில்லை. பட்டறை பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமிக்கொண்டே பிடித்தது. இரண்டு விளக்கும் பழையபடி மங்கலாக மினுக்கின.

மரக்கடைக்காரர் மச்சானைத் தரையிலேயே விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "அதேதான். கோளாறு போகவே இல்ல. ஏன்?"

"சார்ஜ் ஏறலண்ணே. பேட்டரி வத்தித்தான் எஞ்சின் நின்னுருக்கு."

"ஏன் ஏறல?"

ஸ்பேனரின் முனை இப்போது டெஸ்டரின் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகச் சோறு போட்ட கை. 'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"பெல்ட்டு" என்றார். "டைனமோவைச் சுத்துற பெல்ட்டு லூஸு."

பெல்ட்டைப் போட்டது மச்சான். மரக்கடைக்காரர் எஞ்சினை நிறுத்தச் சொல்லிப் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார். மோதிய வேகத்தில் முன்பக்கமே ஆட்டம் கண்டிருந்தது. பெல்ட் தொளதொளவென்று உள்ளே போனது.

மச்சான் தலையைத் தூக்கி டெஸ்டரைப் பார்த்தான். மரக்கடைக்காரர் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து விரல்களைச் சிமெண்ட் தரையில் விரித்தார். டெஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றார். ஸ்பேனர் இரண்டு முறை இறங்கியது. முதல் அடியில் மச்சான் அலறினான். இரண்டாவதில் சத்தமே வரவில்லை.

மரக்கடைக்காரர் ஸ்பேனரை வீசிவிட்டு, தேம்பித் தேம்பி அழுதுகொண்டே ரோட்டைப் பார்க்க நடந்தார். அப்போதுதான் டெஸ்டர் நகர்ந்தார். ஓடிப்போய் மச்சான் பக்கத்தில் மண்டியிட்டார். நான்கு விரல்கள் திசைக்கொன்றாகத் திரும்பிக் கிடந்தன.

"மாப்ளே... பெல்ட்டு இல்லடா. நான்..."

"தெரியும் மாமா" என்றான் மச்சான். உதடு வெளுத்திருந்தது. "வண்டியைக் குடுக்கப் போனேன்ல, அன்னைக்கே பாத்தேன். சாவி திருப்பினா மத்த லைட்டெல்லாம் வருது, அந்த ரெண்டு மட்டும் வரல."

"அப்ப ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க பாத்த வண்டி. சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

டெஸ்டர் அவனைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். மச்சான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. சுவரில் முதுகைத் தேய்த்துத் தேய்த்துத் தானாகவே எழுந்தான்.